கண்டெடுபொருட் சிற்பம்: ஒரு சொல் விளக்கம்

'ஒப்ஜே த்ருவே' என்னும் பிரெஞ்சுத் தொடருக்குக் கண்டெடுத்த பொருள் என்பதே நேர்பொருள். பாரிஸில் குடையைத் தவறவிட்டவர் போய் விசாரிக்கும் அலுவலகத்தின் பெயரிலும் இதே தொடர்தான் இருக்கிறது. கலைத்துறையிலோ, கலைக்கென்று செய்யப்படாத ஒரு பொருளைக் கலைஞர் கண்டு, எடுத்து, தம் படைப்பாகவோ படைப்பின் உறுப்பாகவோ ஆக்கிக்கொள்ளும்போது அப்பொருளுக்கு இப்பெயர் அமைகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபவுண்ட் ஆப்ஜெக்ட்' இதன் மொழிபெயர்ப்பே.

இத்தகைய சிற்பத்தைத் தமிழில் 'கழிவுச் சிற்பம்' என்று எழுதிவிடலாமே என்று தோன்றும், அது பொருந்தாது. டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட பூங்காவொன்றில் பழைய இரும்பைக் கொண்டு தாஜ்மகாலையும் ஈபிள் கோபுரத்தையும் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்கு அப்பெயர் தகும். ஏனெனில் அங்கே இரும்பு வெறும் மூலப்பொருள், உருவம் வேறெங்கிருந்தோ வந்தது. பிக்காசோ 1942-இல் செய்த 'காளைத் தலை' அப்படிப்பட்டதன்று. சைக்கிளின் தோல் இருக்கை முகமாகவும், கைப்பிடி கொம்புகளாகவும் நிற்கின்றன. இரண்டையும் பொருத்தியதைத் தவிர வேறு வேலை ஏதும் அதில் இல்லை என்றே சொல்லலாம். காளையைப் பார்க்கும் கண்ணுக்குச் சைக்கிளும் மறையாமல் தெரிகிறது. இதைத் தூக்கியெறிந்தால் யாராவது எடுத்துப்போய் மறுபடியும் சைக்கிளில் மாட்டிக்கொள்ளலாம் என்று பிக்காசோவே சொன்னதுண்டு.

மேலும், கண்டெடுத்தது கழிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1914-இல், புட்டிகளைக் கவிழ்த்து உலர்த்தும் இரும்புச் சட்டத்தைப் பாரிஸ் கடையொன்றில் புதிதாக வாங்கி, அதையே தம் படைப்பாக ஆக்கிக்கொண்டார். இவ்வகைக்கு அவர் பின்னர் இட்ட பெயர் 'ரெடிமேட்'; துணிக்கடையில் நாம் சொல்லும் அதே சொல்தான். 'ஆயத்தப் பொருள்' என்பது இதற்குப் போதும்.

பல பொருள்களைச் சேர்த்தமைக்கும் முறையை 'அசம்பிளாஜ்' என்பர். ஓவியர் ழான் துய்புஃபே 1953-இல் தம் படைப்புகளுக்கு வழங்கிய இச்சொல்லை, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1961-இல் நடத்திய கண்காட்சி பரவலாக்கியது. 'ஒன்றாக' எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. சட்டமன்றத்தைக் குறிக்கும் 'அசெம்பிளி'யும் அதே குடும்பம். தமிழில் 'சேர்ப்புச் சிற்பம்' எனலாம்.

கண்டெடுத்த பொருளால் ஆன சிற்பத்துக்குக் 'கண்டெடுபொருட் சிற்பம்' என்பதே என் தேர்வு. 'கண்டெடுத்த' என்றால் செயல் முடிந்துவிடுகிறது. 'கண்டெடுபொருள்' வினைத்தொகையாதலால், கண்டெடுத்ததும் கண்டெடுக்கின்றதும் இனிக் கண்டெடுக்கப்போவதும் அதில் அடங்கும். பிக்காசோ சொன்ன அந்த அடுத்த ஆளுக்கும் இச்சொல்லில் இடமுண்டு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால், ஒற்று மிகுத்துக் 'கண்டெடுப்பொருள்' என எழுதுவது பிழை.