டர்ன் நகரவில்லை என்று கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணா, கார்டு டிஃபெக்ட்னு நினைக்கிறேன். மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. நீங்க பார்த்து எழுதிக் குடுத்தீங்கன்னா கேட்டுப் பார்ப்பேன்" என்றார். பெட்டி, பில், வாரண்டி அட்டை எல்லாம் தனிப் பையில் பத்திரமாக இருந்தன. இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி போயிருக்கும்.

ஆடுவது சிவிலைசேஷன் 6, நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் முறை (டர்ன்) வரும்போது நகரும் வியூக கேம். ஹியூஜ் மேப், முந்நூறு டர்னைத் தாண்டிச் சேமித்த ஆட்டம், அதாவது சேவ். 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்தினால் மற்ற நாடுகள் எல்லாம் நகர்ந்து முடித்து நம் முறை திரும்பி வர முக்கால் நிமிடம். பழைய கார்டிலும் அப்படித்தான் இருந்ததாம். ஏதோ ஒரு கடையில், "டைரக்ட்எக்ஸ் 12க்கு நல்ல கார்டா போடுங்க, எல்லா கோரும் வேலை செய்யும், டர்ன் பறக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோர் என்பது ப்ராசசருக்குள் இருக்கும் ஒரு வேலையாள்; டைரக்ட்எக்ஸ் என்பது கார்டிடம் படம் வரையச் சொல்ல கேம் பயன்படுத்தும் வழி. அவருடைய பழைய கார்டே டைரக்ட்எக்ஸ் 12 ஓட்டும். அதை அவர்கள் சொல்லவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். அதே சேவ் ஃபைலைத் திறந்தேன். போனில் ஸ்டாப்வாட்ச். படத்தரம் எல்லாம் அல்ட்ராவில், அதாவது உச்சத்தில், இருக்கும்போது ஒரு டர்ன்: 44 விநாடி. கேமை விட்டு வெளியே வந்து, ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி, நிழல், தண்ணீர், மரம் எல்லாவற்றையும் கடைசிப் படிக்குக் குறைத்து, அதே சேவ் ஃபைலை மறுபடி திறந்து அதே டர்ன்: 44 விநாடி. கார்டுக்கு இப்போது கிட்டத்தட்ட வேலையே இல்லை. அப்படியும் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தார். கார்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்வது சில நேரம் கெட்ட செய்தி.

டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்றெல்லாம் பேசுவது வெறும் விளம்பரம் என்று நான் சொல்ல வரவில்லை. லோ லெவல் ஏபிஐ, அதாவது கேம் கார்டிடம் இன்னும் நேரடியாகப் பேசும் வழி, உண்மையில் பெரிய முன்னேற்றம்தான். அதைத் தேடி முதலில் போனவற்றில் இந்த வகை கேம்களும் உண்டு. 2010இல் வந்த சிவிலைசேஷன் 5, டைரக்ட்எக்ஸ் 11இலேயே டிரா கால்களை ('இதை வரை' என்ற கட்டளைகளை) பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகளில்) தயார் செய்ய முயன்ற சில கேம்களில் ஒன்று. கார்டு தயாரிக்கும் ஏஎம்டி 2013இல் மேன்டில் என்ற தன் லோ லெவல் ஏபிஐயை அறிவித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்த சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த் மேன்டிலில் ஓடியது. 2015இல் விண்டோஸ் 10உடன் டைரக்ட்எக்ஸ் 12 வந்தது. மேன்டிலின் அடித்தளத்தில் எழுந்த வல்கன் 1.0 2016 பிப்ரவரியில். அதே ஆண்டு அக்டோபரில் சிவிலைசேஷன் 6 வெளியாகி, அடுத்த மாதமே அதற்கு டைரக்ட்எக்ஸ் 12 அப்டேட் கிடைத்தது.

இந்த கேம் செய்தவர்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? மேலிருந்து பார்க்கும் மேப் அப்படி. ஒரே திரையில் மரம், வயல், சுரங்கம், சாலை, வீடு, படகு, படைவீரன் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்கள். ஒவ்வொன்றையும் வரையச் சொல்லி ப்ராசசர் கார்டுக்குக் கட்டளை எழுத வேண்டும். பழைய முறையில் அந்த வேலையில் பெரும்பங்கு டிரைவருக்குள் (கார்டை இயக்கும் மென்பொருளுக்குள்) ஒரே த்ரெட்டில் போய்ச் சிக்கும். புதிய முறையில் அந்தக் கட்டளைப் பட்டியல்களை நாலைந்து கோர்கள் பங்கு போட்டு எழுதலாம். டிரைவர் பார்த்துக்கொண்ட மெமரி நிர்வாகம், காத்திருப்புக் கணக்கு எல்லாம் கேம் எழுதுபவர் தலையில் வந்து விழுந்தது வேறு கதை. முன்பு புரோகிராமர் சொதப்பினால் டிரைவர்காரர்கள் சத்தமில்லாமல் ஒட்டுப் போடுவார்கள். இப்போது சொதப்பல் அப்படியே வெளியே தெரியும். சில மெஷினில் டைரக்ட்எக்ஸ் 12ஐவிட 11 நன்றாக ஓடுகிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

ஆனால் இவ்வளவும் எதற்காக? ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் ஒரு படத்தை, வரைவதற்காக. மேப்பை இழுக்கும்போது தடங்கல் இல்லாமல் நகர, ஜூம் செய்யும்போது திக்காமல் இருக்க. எதிராளி என்ன செய்யலாம் என்று யோசிப்பதில் வரைவதற்கு எதுவுமே இல்லை.

தாயம் ஆடியிருப்பீர்கள். சாக்பீஸில் கோடு போட்ட தரையை அழித்துவிட்டுப் பளபளக்கும் தேக்குப் பலகை வாங்கி வைத்தால், எதிரில் இருக்கும் பாட்டி சீக்கிரம் காயை நகர்த்திவிடுவாரா? பாட்டி யோசிக்க எடுக்கும் நேரம் பாட்டியுடையது. கார்டு பலகை, ப்ராசசர் பாட்டி. நான் வாரத்துக்கு மூன்று முறையாவது இதைச் சொல்கிறேன். "புரியுது அண்ணா" என்று தலையாட்டிவிட்டு, "அப்போ இன்னும் பெரிய கார்டு போட்டா?" என்று கேட்டவரும் உண்டு.

அடுத்த வாதம் எப்போதும் டாஸ்க் மேனேஜரிலிருந்து வரும். "பாருங்க அண்ணா, ப்ராசசர் 14 சதவீதம்தான் ஓடுது. அது சும்மாதானே இருக்கு?" எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியுடைய ப்ராசசரில் ஆறு கோர், கோருக்கு இரண்டாகப் பன்னிரண்டு த்ரெட். ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது எட்டு சதவீதம் சொச்சம். திரையை வரைகிற வேலை, பின்னணியில் விண்டோஸ் செய்வது எல்லாம் சேர்த்தால் 14. அந்த எண்ணுக்கு 86 சதவீதம் பலம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒருவன் மூட்டை தூக்குகிறான், பதினோரு பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பதினாறு கோர் வாங்கினால் திண்ணையில் கூட்டம் கூடும். சதவீதம் இன்னும் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு கோருக்கும் தனி கிராஃப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் நூறைத் தொடவில்லையே என்பார்கள். விண்டோஸ் அந்த ஒரே த்ரெட்டை இந்தக் கோரிலிருந்து அந்தக் கோருக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பாரம் எல்லாவற்றிலும் தூவியதுபோலத் தெரியும். மொத்த சதவீதத்தைப் பார்த்து ப்ராசசருக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, யோசிக்கிற வேலையையும் பங்கு போடக் கூடாதா? ஓரளவு போடலாம், போடுகிறார்கள். ஆனால் டர்ன் என்றாலே வரிசை. முதல் நாடு ஒரு நகரத்தைப் பிடித்துவிட்டால் இரண்டாவது நாட்டின் கணக்கே மாறிவிடும். அவன் முடிக்காமல் இவன் தொடங்க முடியாது. ஹியூஜ் மேப் என்றால் 106க்கு 66, கிட்டத்தட்ட ஏழாயிரம் கட்டங்கள். இயல்பாகவே 12 நாடுகள், 18 நகர அரசுகள், போதாததற்கு காட்டுமிராண்டிக் கூட்டங்கள். சிவிலைசேஷன் 5இலிருந்து ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம். கேட்க எளிமையான விதி. வழி கண்டுபிடிக்கும் கணக்குக்கு அது தலைவலி. முன்னால் நிற்பவன் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவனுக்குப் பாதை. பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் இன்னொரு தொல்லை: எல்லோருடைய மெஷினிலும் ஒரே விடை வர வேண்டும், எந்த த்ரெட் முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறக் கூடாது. கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967இலேயே சொன்ன விதி இது. வேலையில் பாதி வரிசையாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் குவித்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் வேகம் வராது.

ஆகவே, கார்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தம்பி சேவில் நான் செய்ததை வீட்டிலேயே செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. ரெசல்யூஷனைக் குறைத்தும் டர்ன் நேரம் அசையவில்லை என்றால் கார்டு கடைப் பக்கமே போகாதீர்கள். சிவிலைசேஷன் 6இல் வேகம் அளக்கும் பெஞ்ச்மார்க் இரண்டு தனித்தனியாகவே இருக்கிறது, ஒன்று கிராஃபிக்ஸ், இன்னொன்று ஏஐ, அதாவது எதிராளிகளின் யோசனை. கேம் செய்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏஐ பெஞ்ச்மார்க் எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) அளப்பதில்லை, டர்னுக்கு எத்தனை விநாடி என்று சொல்கிறது. ரிவ்யூ பார்க்கிறவர்கள் அந்த விநாடிக் கணக்கைத் தேடுங்கள், எஃப்பிஎஸ் பட்டையைத் தள்ளிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. டர்ன் சட்டென்று முடிகிறது, மேப்பை இழுத்தால் திக்குகிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் சரியாகிறது என்றால் அது கார்டின் பிரச்சினை, தாராளமாக வாங்குங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தும் திக்கல் போகவில்லையா? அப்போது டைரக்ட்எக்ஸ் 12ஐப் போட்டுப் பாருங்கள். அது பிறந்ததே அதற்குத்தான்.

காசு செலவில்லாத வேலைகளை யாருமே செய்து பார்ப்பதில்லை. குவிக் மூவ்மென்ட், குவிக் காம்பாட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். உங்கள் கண்ணெதிரே எதிராளி நடந்து வருகிற அனிமேஷனும் டர்ன் நேரத்தில்தான் சேர்கிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் ஸ்டிக்கர் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, ஆன் ஆகியிருக்கிறதா? 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிடிஆர்4 ராமை வாங்கி 2133இல் ஓட்டுகிறவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள். லேப்டாப்பில் ஒற்றை ராம் குச்சி இருந்தால் இன்னொன்று போடுங்கள். பேட்டரியில் ஆடிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வராதீர்கள். ஃபேனைத் துடைத்து எத்தனை வருடம் ஆயிற்று? சித்திரை வெயிலில் ஹீட்சிங்க் முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தம்பியுடையதில் தலையணைக்கே ஆகும் அளவு பஞ்சு எடுத்தேன். ப்ராசசர்மேல் தடவும் பேஸ்டை மாற்றி, எக்ஸ்எம்பியைப் போட்டதும் 44 விநாடி 35 விநாடிக்கு வந்தது. வாங்கிய கட்டணம் முந்நூறு ரூபாய்.

ப்ராசசரையே மாற்றுவதென்றால் கோர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஒற்றைக் கோர் வேகம்தான் முதலில் பார்க்க வேண்டியது. அடுத்த ஆட்டத்தை ஸ்டாண்டர்ட் மேப்பில், எட்டு நாடுகளோடு தொடங்கினால் மாற்றாமலே தப்பிக்கலாம். ஆரம்பத்தில் பன்னிரண்டு நாடுகளும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். முந்நூறாவது டர்னில் தெரியும் சேதி.

தம்பி கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வேறு ஏதாவது கேம் ஆடிக்கொள்கிறேன் என்று சிரித்தபடி எடுத்துக்கொண்டு போனார். இதே குறையோடு இனி வருகிறவர்கள் மெஷினோடு சேர்த்து எந்த சேவில் மெதுவாகிறதோ அதையும் கொண்டு வாருங்கள். புது ஆட்டம் தொடங்கி என்னிடம் காட்டினால் முதல் டர்ன் யாருக்கும் வேகமாகத்தான் முடியும்.