ஜிப்சம் பொதி மண்: சுண்ணாம்பும் அல்ல, உவரும் அல்ல

நிலக்கடலைக்கு 40-45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறோமே, அந்த வெள்ளைத் தூளுக்கு ஊரில் ஜிப்சம் என்றுதான் பெயர். அதனால் ‘ஜிப்சம் மண்’ என்று எழுதினால் ஜிப்சம் இட்ட மண் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். மண்ணியலில் (ஆங்கிலத்தில் gypsiferous soil) சொல்ல வருவது வேறு: அடியிலுள்ள பாறை சிதையும்போது உண்டான ஜிப்சத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் மண். அதற்கு ‘ஜிப்சம் பொதி மண்’ என்பது பொருந்தும்.

கிரேக்கத்தில் ‘கிப்சோஸ்’ என்றால் சுவர் பூசும் சாந்து. அதைத் தரும் கல்லுக்கும் அதே பெயர். லத்தீன் வழியாக அது ஜிப்சம் ஆயிற்று. வேதியியலில் இது கால்சியம் சல்பேட். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறு என எடையில் 20.9% நீர். சுமார் 150 பாகை செல்சியஸில் வறுத்தால் அந்த நீரில் முக்கால் பங்கு போய் பாரிஸ் சாந்து கிடைக்கும். பழைய பொருள் ‘சாந்து’ என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் பெயரே இல்லை என்பது தவறு. சித்த மருத்துவத்தில் ‘கற்பூர சிலாசத்து’ என்பது ஏடு ஏடாகப் பிரியும் ஜிப்சப் படிகம். கல்லில் கசியும் அரக்கு என்ற பொருளுடைய வடசொல் ‘சிலாஜது’. சிலாசத்து அதன் தமிழ் வடிவம். ‘கற்பூர’ என்ற அடைமொழி இல்லாவிட்டால் கரும்பிசின் போன்ற வேறொரு மருந்துச் சரக்கைக் குறித்துவிடும். மருந்துக்கடைக்கு ஏற்ற பெயர்தான். களிமண்ணில் தூளாகவும் நரம்பாகவும் கலந்து கிடப்பதற்கு ஒட்டாது. கனிமத்துக்கு ஜிப்சம் என்பதையே வைத்துக்கொண்டு, ‘பொதி’ என்ற தமிழை மண்ணுக்குச் சேர்ப்பதே நல்லது.

இவ்வகை மண்ணுக்கு நல்ல மாதிரி அமெரிக்காவின் மேற்குக் கொலராடோவிலும் கிழக்கு யூட்டாவிலும் உண்டு. அங்கே மான்கோஸ் ஷேல் என்னும் களிப்பாறை, தகடு தகடாகப் பிளக்கும் பழைய கடலடிச் சேறு, பரந்து கிடக்கிறது. அதன்மேல் உருவான ‘சிப்பீட்டா’ என்னும் மண்தொடரில் (ஒரே அடுக்கமைப்புள்ள மண்களுக்கு இடும் பொதுப்பெயர்) 25 முதல் 50 செ.மீ. தோண்டினாலே மென்பாறை தட்டும். ‘ஆழம் குறைந்த மண்’ என்று அந்நாட்டு மண் அளவையில் சொல்வது இந்த அளவைத்தான். ஆண்டு மழை 200 மி.மீ.யைச் சுற்றியே. உழவுக்கு ஆகாது, உப்புத் தாங்கும் குறுஞ்செடிகள் சிதறி நிற்கும் மேய்ச்சல் நிலம். 40 செ.மீ. களிமண் செடிக்குக் கொடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 5-6 செ.மீ. மட்டுமே. ஆகவே மேய்ச்சல் மிஞ்சினால் அங்கே எதுவும் எளிதில் மீளாது.

ஜிப்சம் எங்கிருந்து வந்தது? களிப்பாறையில் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கும். காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாகும். அமிலம் பாறையிலுள்ள கால்சியம் கார்பனேட்டைத் தின்று ஜிப்சமாக்கும். லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான் கரையும் என்பதால், மழை குறைந்த இடத்தில் கழுவிப் போகாமல் அங்கேயே படிந்துவிடும். பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் இதேபோல் களிப்பாறையில் ஜிப்ச நரம்புகள் ஓடுகின்றன. மான்கோஸ் போலவே அதுவும் கிரெட்டேசியக் காலக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடற்படிவே. (பூச்சுக்காரைக்கும் இந்த ஊர்ப்பெயருக்கும் முடிச்சுப் போட ஆசை வரும். காரை என்று ஒரு முட்செடியும் உண்டு, அவசரப்பட வேண்டாம்.)

‘பொதி’ வேறு, ‘அடுக்கு’ வேறு. அமெரிக்க மண் வகைப்பாட்டில் ஜிப்சம் அடுக்கு (gypsic horizon) என்று சொல்ல 15 செ.மீ. தடிப்பு, 5% ஜிப்சம், கண்ணுக்குத் தெரியும் படிவு 1% என்பவை போதா. தடிப்பையும் விழுக்காட்டையும் பெருக்கினால் 150 வர வேண்டும். 15 செ.மீ.யில் 5% என்றால் 75தான், தேறாது. ஆகவே ஆழமில்லாத பல மண்களில் ஜிப்சம் பொதிந்திருந்தும் ஜிப்சம் அடுக்கு இருக்காது. மொழிபெயர்ப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு வகைப்பாட்டையே மாற்றிவிடுகிறார்கள்.

‘சுண்ணாம்பு மண்’ என்பதும் பிழை. அது கார்பனேட், நீர்த்த அமிலம் பட்டால் நுரைக்கும். ஜிப்சம் நுரைக்காது, நகத்தால் கீறினால் கோடு விழும். ஆனால் களிப்பாறை மண்ணில் இரண்டும் கலந்திருப்பதால் மண்ணின் மேல் அமிலம் விட்டால் எப்படியும் நுரைக்கும். படிக மணியைத் தனியே பொறுக்கிக் கழுவிச் சோதிக்க வேண்டும். ‘உவர்’ என்பதும் பொருந்தாது. கரைந்த உப்பின் அளவை மின்கடத்துதிறனால் அறிவார்கள்; ஜிப்சம் நிறைந்து கரைந்த நீரில் அது மீட்டருக்குச் சுமார் 2.2 டெசிசீமன்ஸ். அதைத் தாண்டினால் வேறு உப்பும் சேர்ந்திருக்கிறது. ‘களர்’ (சோடியம் மிஞ்சிய மண்) என்றால் பொருள் தலைகீழ். களரைத் திருத்த இடும் மருந்தே ஜிப்சம்.

ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் தவறு: மாதிரியை 105 பாகையில் உலர்த்துவது. ஈரம் மட்டுமல்ல, படிக நீரும் போய்விடும். 10% ஜிப்சம் இருந்தால் சுமார் 2% வரை பொய்யான ஈரம் கணக்கில் ஏறும். 40-60 பாகையில் எடை மாறாத வரை உலர்த்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

நிலத்தில் வரும் தொல்லைகள் வேறு. கால்நடைக்குக் குட்டை வெட்டி இதே மண்ணால் கரை கட்டினால், கசியும் நீர் ஜிப்சத்தைக் கரைத்துக் குழாய்போல் துளை போடும். கரை உள்ளிருந்தே உடையும். சாதாரண சிமென்ட் வேலிக்கல்லைச் சல்பேட் அரிக்கும்; சல்பேட் தாங்கும் சிமென்ட் வேண்டும். குட்டை நீர் ஜிப்சத்தால் நிறைவுற்றால் லிட்டருக்கு 1,300 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் இருக்கும். வளர்ந்த மாட்டுக்கே 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. மிஞ்சினால் உடலில் தாமிரச் சத்துக் குறையும், மூளை பாதிக்கும் நோயும் வரலாம். மண் அறிக்கையோடு குட்டை நீரின் சல்பேட் அளவையும் கேட்டு வாங்குவது அதனால்தான்.