கை வீக்கத்துக்கு அரசு மருத்துவமனையில் ஸ்கேன்: பினாங்கு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களுக்கு, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட அந்தப் பக்கக் கை வீங்கலாம். மோதிரம் கழலாமல் இறுகுவதும், விரல் தொடங்கும் இடத்துத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாமல் போவதும், நிணநீர் என்னும் உடல் திரவம் வடியாமல் தேங்குவதால் வரும் நிணநீர் வீக்கத்தின் அடையாளங்கள். வயதானால் இப்படித்தான் என்று நம் பெண்கள் பொறுத்துக்கொண்டிருப்பது வேதனை தருகிறது. தொடக்கத்திலேயே கவனித்தால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம்.

முதலில் அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கு தரப்படும் பரிந்துரைக் கடிதத்துடன் அரசு மருத்துவமனையின் நிபுணரைப் பார்த்தால் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை, அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு 5 ரிங்கிட். தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு சென்றால் முதல் சந்திப்புக்கு 30 ரிங்கிட் செலுத்த வேண்டும். ஆகவே கடிதம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். புற்றுநோய்ப் பிரிவில் இன்னமும் தொடர் சந்திப்பில் இருப்பவர்கள் அந்த மருத்துவரிடமே கையைக் காட்டலாம்.

எந்த ஸ்கேன் தேவை என்பதை நிபுணரே முடிவு செய்வார். இரத்தக் கட்டி அடைத்தாலும் கை வீங்கும் என்பதால், பெரும்பாலும் முதலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் எடுத்து, அப்படிக் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். நிணநீர் ஓட்டத்தையே பார்க்க வேண்டுமானால், விரலிடுக்கில் சிறு ஊசியால் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைச் செலுத்தி, அது அக்குளை நோக்கி ஏறுகிறதா, வழியில் தேங்குகிறதா என்று, அதன் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவில் பார்ப்பார்கள். பினாங்கு மருத்துவமனையில் இதற்குரிய அணு மருத்துவப் பிரிவு உள்ளது. அம்மருந்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீக்கத்தில் இருப்பது நீரா, கொழுப்பா என்பதை எம்ஆர்ஐ காட்டும். நீர் என்றால், கையைச் சுற்றிப் போடும் துணிக்கட்டும் கையில் அணியும் அழுத்த உறையும் அதைக் குறைக்கும். கொழுப்பாக மாறிவிட்டதை அவற்றால் குறைக்க முடியாது என்பதால், சிகிச்சையின் போக்கே இதனால் மாறக்கூடும்.

ரஹ்மா ரொக்க உதவி பெறும், 40 வயதை எட்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் உள்ள பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை உண்டு. சிகிச்சையை இப்போது தொடங்குபவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

சந்திப்புக்குச் செல்லும்போது அடையாள அட்டை, அறுவை அறிக்கை, அளவு நாடாவால் இரு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து தேதியுடன் எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.