ஃபாலோயர்: தொடர்வோரா, தொடர்ந்தோரா?

சமூக ஊடகத்தில் யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் பெயருக்குப் பக்கத்திலேயே ஓர் எண் நிற்கும். பேச்சில் அதை ‘ஃபாலோயர்ஸ்’ என்கிறோம். செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் ‘பின்தொடர்பவர்கள்’ என்று வருகிறது. பொருள் புரிகிறது, ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லில் ஒரு நெருடல் உண்டு.

முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் இது. அப்போது ஃபாலோயர் என்றால் ஒரு தலைவனுக்குப் பின்னால் நடக்கும் ஏவலாள். குருவை ஏற்ற சீடனையும் அப்படியே சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு வேடிக்கையான இன்னொரு பொருளும் இருந்தது. வீட்டுவேலைக்குப் பெண் தேவை என்ற விளம்பரங்களில் ‘ஃபாலோயர்கள் கூடாது’ என்று நிபந்தனை போடுவார்கள். வேலைக்காரப் பெண்ணைப் பார்க்கச் சமையலறை வாசலுக்கு வரும் காதலர்களைத்தான் அந்தச் சொல் குறித்தது. ஃபாலோயர் இருந்தால் வேலை கிடைக்காது என்றிருந்த சொல், இன்று ஃபாலோயர் இருந்தால்தான் சில வேலைகள் கிடைக்கும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது.

இணையத்தில் இந்தச் சொல்லைப் பரப்பியதில் ட்விட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. 2004இல் வந்த ஃபேஸ்புக் ‘நண்பர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. நட்புக்கு இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். அங்கே ஒருவருக்கு 5,000 நண்பர்கள் என்று உச்சவரம்பும் உண்டு. 2006இல் வந்த ட்விட்டரில் எதிராளி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, நாம் பாட்டுக்குப் பின்னால் போகலாம். சம்மதம் தேவையில்லை என்றானதும் எண்ணிக்கைக்கும் எல்லை இல்லாமல் போயிற்று. 2009 ஏப்ரலில், முதலில் பத்து லட்சம் ஃபாலோயர்களை எட்டுவது யார் என்று நடிகர் ஆஷ்டன் குட்சரும் சி.என்.என். செய்தி நிறுவனமும் போட்டியே நடத்தினார்கள். குட்சர் ஜெயித்தார். யூடியூப் மட்டும் ‘சப்ஸ்கிரைபர்’ என்று வேறு சொல்லைப் பிடித்தது. அதைச் ‘சந்தாதாரர்’ என்கிறோம், யாரும் காலணா சந்தா கட்டாதபோதும்!

சரி, ஃபாலோயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? சீடர், தொண்டர், அடியார் எல்லாம் பக்தி நிறைந்த சொற்கள். ஒரு பொத்தானை அழுத்தியவரை அடியார் என்றால் அவரே சிரிப்பார். ‘பின்பற்றுபவர்’ என்றால் ஒருவர் சொன்னபடி நடப்பவர் என்று பொருள். சண்டை போடுவதற்காகவே ஒருவரை ஃபாலோ செய்பவர்கள் உண்டே, அவர்களை என்ன செய்வது? ‘ரசிகர்’ என்பதிலும் இதே சிக்கல். (கோயில் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த ‘ஃபனாட்டிக்’, அதாவது வெறியர், என்ற சொல்லின் சுருக்கம்தான் ‘ஃபேன்’. அதைக் காற்று வீசும் கருவி என்று எடுத்துக்கொண்டு ‘விசிறி’ ஆக்கினோம். தவறான மொழிபெயர்ப்புதான், ஆனால் நிலைத்துவிட்டது.) ‘பின்தொடர்பவர்’ என்பதிலோ, இருட்டில் ஒருவர் பின்னால் வரும் காலடிச் சத்தம் கேட்கிறது. என் நெருடல் அதுதான்.

‘பின்’னை எடுத்துவிட்டால் என்ன? தொடர்வோர். பத்தெழுத்து ஐந்தாகிவிடுகிறது, ‘கள்’ளும் வேண்டியதில்லை. மலைத்தொடர், தொடர்கதை, தொடர்பு என எல்லாவற்றிலும் இருக்கும் ‘தொடர்’ இது. விட்டுப்போகாமல் அடுத்தடுத்து வருவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

இங்கேதான் தமிழ் இலக்கணம் ஒரு கேள்வி கேட்கிறது. ஆங்கில ஃபாலோயருக்குக் காலம் கிடையாது. நம் வினையாலணையும் பெயருக்கு உண்டு. தொடர்ந்தோர் என்றால் இறந்த காலம். தொடர்வோர் என்றால் இன்னும் தொடரப்போகிறவர்கள். திரையில் தெரியும் எண்ணில் இருப்பவர்கள் யார்? என்றோ ஒருநாள் பொத்தானை அழுத்தியவர்கள், அப்புறம் எட்டிப் பார்க்காதவர்களும் சேர்த்து. அதாவது, அவர்களில் கணிசமானோர் ‘தொடர்ந்தோர்’தான். காசு கொடுத்து வாங்கிய போலிக் கணக்குகளும் அந்த எண்ணில் உண்டு, அவை ‘தொடர்ந்தோர்’ என்ற வகையில்கூடச் சேராதவை. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிகளைக் களையெடுத்தபோதும், 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கிய கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோதும் பெரும்புள்ளிகளின் எண்கள் ஒரே நாளில் சரிந்தன.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒருவரைப் ‘பிரபலம்’ என்கிறோம். வடமொழியில் அதற்கு மிகுந்த வலிமை என்று பொருள். பேர்பெற்றவர் என்பது பின்னால் வந்து ஒட்டியது. தமிழின் ‘புகழ்’ வேறு ரகம். புகழ்தல் என்ற வினை அதிலேயே இருக்கிறது, நாலு பேர் வாய்திறந்து பேசினால்தான் அது உண்டாகும். பழந்தமிழில் ‘இசை’க்கும் புகழ் என்ற பொருள் உண்டு. எண்ணிக்கைக்கு இந்தச் சத்தம் எதுவும் தேவையில்லை. ‘இன்ஃப்ளூயன்சர்’ என்பதற்குச் ‘செல்வாக்காளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள், நல்ல ஆக்கம். செல்லும் வாக்கு உடையவர்தானே அவர்? இரண்டு லட்சம் பேர் தொடர்ந்தும் சொல்வது எடுபடாதவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நான் சொன்ன மாற்றத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் பாக்கி இருக்கிறது. பொத்தானில் வெறும் ‘தொடர்’ என்று போட்டால், அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லும் ‘தொடர்’ என்ற பொத்தானோடு அது குழம்பும். அதனால் பொத்தானுக்குப் ‘பின்தொடர்’ இருந்துவிட்டுப் போகட்டும். தொடர்ந்தோரும் அதில் கலந்திருந்தாலும், எண்ணிக்கைக்குத் ‘தொடர்வோர்’ என்றே எழுதலாம். அன்ஃபாலோ செய்யப் ‘பின்தொடர்வதை நிறுத்து’ என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை, ‘விலகு’ போதும்.