தண்ணீர் மாதிரி எந்தத் தெருவில் எடுத்தது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீர் ஆய்வும் கல்குவாரிகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்வும்தான் என் தொழில். ஓர் அறிக்கை கைக்கு வந்தால் முடிவுரைக்கு முன்னால் வரைபடத்தைத்தான் பார்ப்பேன். மாதிரி எடுத்த இடங்கள் எவை? ஊராட்சி அலுவலகம், மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடம் என்று வண்டி போகிற இடங்களோடு பல அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் காலனியின் கைப்பம்பும், அஞ்செட்டிப் பக்கத்து இருளர் குடியிருப்பின் போர்வெல்லும் அதில் வருவதில்லை. அப்புறம் மொத்தக் கிராமத்துக்கும் ஒரே சராசரி.

நம் பகுதியில் இந்தச் சராசரியை நம்பவே முடியாது. இங்கே கீழே இருப்பது கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகள். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களிலிருந்து, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு நீரில் கரைகிறது. பாறை வெடிப்பில் தண்ணீர் தங்கும் காலம் கூடினால் கரைவதும் கூடும். அதனால் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு போர்வெல்களிலேயே அளவு மாறும்.

இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. ஆனால் இந்த எண் எல்லோர் உடம்பிலும் ஒன்றுபோல் வேலை செய்யாது. 1.5 உள்ள தண்ணீரை நிழலில் உட்கார்ந்து இரண்டு லிட்டர் குடிப்பவர் உடம்புக்குள் 3 மில்லிகிராம் போகும். வெயிலில் கல் உடைத்து ஐந்து லிட்டர் குடிப்பவருக்கு 7.5. சாப்பாட்டில் பால், கீரை குறைந்து கால்சியம் போதாமல் போனால் எலும்பில் பாதிப்பும் கூடும். கூலி வேலைக்குப் போகிறவர் யார், பால் வாங்க முடியாதவர் யார் என்று நம் ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறிக்கையில் மட்டும் அது இருக்காது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு ஏறத்தான் செய்யும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது பெரிய ஆறுதல், மறுக்கவே முடியாது. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் குழாயின் கடைசித் தெரு பழைய கைப்பம்புக்கே திரும்புகிறது. அந்தப் பம்பைச் சோதிப்பதை நாம் விடக்கூடாது.

இந்தப் பாகுபாட்டை எண்ணிக்கையால் காட்ட முடியும் என்று அமெரிக்காவில் செய்து காட்டினார்கள். ஹூஸ்டன் நகரில், எந்த இடத்தில் எது வரலாம் என்று பிரிக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே கிடையாது. 1979-இல் ஒரு குப்பைக்கிடங்கை எதிர்த்துத் தொடுத்த வழக்குக்காகச் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் மாணவர்களோடு கணக்கெடுத்தார். நகரத்தில் கறுப்பின மக்கள் சுமார் கால்வாசிதான். மாநகராட்சியின் ஐந்து குப்பைக்கிடங்குகளும், குப்பையை எரிக்கும் எட்டு நிலையங்களில் ஆறும் அவர்கள் பகுதியில் இருந்தன. வழக்கு தோற்றது. ஆனால் அந்தக் கணக்குதான் பிற்பாடு வந்த சுற்றுச்சூழல் நீதி ஆய்வுகளுக்கு அடித்தளம்.

இனத்தின் இடத்தில் நமக்குச் சாதி. அதே கணக்கை இங்கே போடுவது இன்னும் கடினம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கையைக் கிராம அளவில் தருகிறது. ஊர்த் தெருவும் காலனியும் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. ஆய்வாளரே நடந்துபோய்க் குடியிருப்பு வாரியாகப் பிரித்து வரைந்தால்தான் உண்டு. இது கூடுதல் வேலை என்று என் துறையில் சிலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் ஆய்வே.

குவாரி விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி, குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக்கூடாது. ஆனால் குடியிருப்பு என்று விதி எடுத்துக்கொள்வது எதை? வருவாய்ப் பதிவேட்டில் கிராமமாகவோ வீட்டுமனையாகவோ இருப்பதை, அல்லது உள்ளாட்சியோ நகர ஊரமைப்புத் துறையோ அனுமதித்த மனையை. தலைமுறையாகப் புறம்போக்கில் வீடு கட்டி வாழ்பவரிடம் பட்டா இருக்காது. வெடி வைத்தால் சுவர் விரிசல் விடும் தூரத்தில் அவர் இருப்பார்; வரைபடத்தில் அந்த இடம் வெறும் தரிசு. சூளகிரிப் பக்கமோ பென்னாகரம் பக்கமோ, பட்டா இல்லாத வீடுகள் எங்கே கூடுதல் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் சாதியில் போய் நிற்கும்.

கிராம சபைக்குப் போனால், எந்தெந்த ஆதாரத்தில் எந்த மாதம் மாதிரி எடுத்தார்கள் என்று தெரு வாரியாகக் கேளுங்கள். காலனிப் பம்பு பட்டியலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் எழுத வையுங்கள். நீங்களே மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுப்பதானால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் குவாரியின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வாங்கிப் பாருங்கள். 300 மீட்டருக்குள் விட்டுப்போன வீடுகளின் புகைப்படம், மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, சர்வே எண் ஆகியவற்றை மனுவோடு இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.