தன் இடம் அறிந்த தூண்

ஜப்பானில் பள்ளி மைதானத்தின் ஓரத்திலோ ஊர்ப் பூங்காவின் மூலையிலோ சில இடங்களில் ஓர் எவர்சில்வர் தூண் நிற்கும். உயரம் 5 மீட்டர். உச்சியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி, அடியில் பூட்டிய சின்னக் கதவு, பக்கத்தில் பெயர்ப்பலகை. சத்தம் இல்லை, அசைவு இல்லை. அடித்தளக் கான்கிரீட்டில் ஒரு சிறிய உலோகக் குறி பதித்திருக்கும். இது ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டே நிற்கும் ஓர் ஆதார நிலையம். வழிப்போக்கர்கள் ஏதோ கம்பம் என்று கடந்துவிடுவார்கள். ஜியோகேச்சிங் ஆட்கள் நின்றுவிடுவார்கள்.

ஜியோகேச்சிங் என்பது ஒளித்து வைத்த பெட்டியை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்துத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் 100 மீட்டர் வரை இடம் தப்பும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களுக்குள் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டி தேடக் கிளம்பிய அந்தக் கூட்டம், பிறகு நிலஅளவைக் குறிகளையும் தேடிப் போய்ப் பதிவுசெய்யத் தொடங்கியது. செயற்கைக்கோள் ஆதார நிலையங்களைப் பார்க்கப் போகும் பழக்கம் அதற்கு நெருங்கிய உறவு.

தூணுக்குப் பக்கத்தில் ஜி.பி.எஸ். கைக்கருவியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பாருங்கள். கடைசி இலக்கங்கள் நிற்காது. இப்போது இடப்பக்கம் 3 மீட்டர் தள்ளி இருப்பதாகச் சொல்லும். சற்று நேரத்தில் வலப்பக்கம் 4 மீட்டர். தலைக்கு மேலே இருக்கும் தூணோ தன் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அறிந்தது. இரண்டும் கேட்பது ஒரே செயற்கைக்கோள்களைத்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சமிக்ஞை வந்து சேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்கள் இருந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 30 சென்டிமீட்டர் போய்விடும். செயற்கைக்கோளின் கடிகாரம் இம்மி பிசகலாம். அதன் பாதை கணித்ததிலிருந்து கொஞ்சம் விலகலாம். வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் சமிக்ஞையை மீட்டர் கணக்கில் தாமதப்படுத்தும். அதற்குக் கீழே உள்ள காற்றும் நீராவியும் சேர்ந்து, கடல்மட்டத்தில் நிற்பவருக்கு நேர் மேலே இருந்து வரும் சமிக்ஞையில்கூட இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிவிடும். போதாக்குறைக்கு, பள்ளிக் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பிய சமிக்ஞையையும் கைக்கருவி நேராக வந்ததாக எண்ணிக்கொள்ளும்.

ஆதார நிலையத்தின் வேலையைக் காய்கறிக்கடைத் தராசை வைத்துச் சொல்லிவிடலாம். முத்திரை போட்ட ஒரு கிலோ படிக்கல்லைத் தராசில் வைக்கிறோம். 1,020 கிராம் காட்டுகிறது. தப்பு கல்லில் இல்லை, தராசில். 20 கிராமைக் கழித்துக்கொண்டு கத்தரிக்காயை நிறுத்தால் சரியான எடை கிடைக்கும். தூண்தான் அந்தப் படிக்கல். தன் இடம் அதற்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். சமிக்ஞை சொல்லும் தூரத்தை அதோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசமே அந்த நேரத்துப் பிழை. சில கிலோமீட்டர் தள்ளி வயலில் நிற்கும் நிலஅளவையாளருக்கும் மேலே இருப்பது ஏறக்குறைய அதே வானம், அதே காற்று. அந்தப் பிழையைக் கழித்துக்கொண்டால் அவருக்குச் சென்டிமீட்டர் துல்லியம் வந்துவிடுகிறது. நம் ஊர் அளவையாளர்கள் டி.ஜி.பி.எஸ். என்றும், ‘பேஸ், ரோவர்’ (நிலையாக நிற்கும் கருவி, கொண்டுபோகும் கருவி) என்றும் சொல்வது இதைத்தான். சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையின் பிழை மட்டும் இப்படிக் கழியாது. அது அவரவர் நிற்கும் இடத்துக்கே உரியது.

அதனால்தான் தூணின் உச்சியில் அவ்வளவு கவனம். மூடிக்குள் இருக்கும் ஆன்டெனாவைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக உலோக வளையங்கள் இருக்கும். அவற்றின் ஆழம் அலைநீளத்துக்கு ஏற்ப அமைந்தது. தரையில் பட்டு எகிறி வரும் அலைகள் அங்கே அடங்கிவிடும். கைக்கருவி சமிக்ஞையின் குறியீட்டைப் படிக்கிறது. அதில் ஒரு துண்டின் நீளமே சுமார் 300 மீட்டர். நூறில் ஒரு பங்கு வரை படித்தாலும் 3 மீட்டர்தான். நிலையம் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே படிக்கிறது. அதன் நீளம் 19 சென்டிமீட்டர். நூறில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர். இடையில் எத்தனை முழு அலைகள் என்று கண்டுபிடிப்பது சிரமமான கணக்கு. நிலையம் ஒரே இடத்தில் பொறுமையாக நிற்பதால் அது முடிகிறது. இரண்டு அதிர்வெண்களைக் கேட்டு, அயனி மண்டலத்தின் தாமதத்தையும் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிடும்.

ஜப்பானில் இப்படிச் சுமார் 1,300 நிலையங்கள், சராசரியாக 20 கிலோமீட்டருக்கு ஒன்று. ஜியோநெட் என்று பெயர். அந்நாட்டு நிலஅளவை அமைப்பான கொகுதோ சிரி-இன் நடத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வலையமைப்பின் இன்னொரு பயன்: அளவையாளர் கழித்துத் தள்ளும் நீராவித் தாமதத்தை வானிலைத் துறை எடுத்துக்கொள்கிறது. தலைக்கு மேலே எவ்வளவு ஈரம் திரள்கிறது என்பது அதில் தெரியும். மழைக் கணிப்புக்கு அது வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூணில் ஏறாதீர்கள், சாயாதீர்கள், அதன்மேல் காந்தப் பெட்டி எதையும் ஒட்டாதீர்கள். உச்சியில் பனி படிந்தாலே தூண் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்துவிட்டதுபோலக் காட்டும். ஒரு பக்கம் வெயில் பட்டுத் தூண் வளைவதுகூடக் கணக்கில் வரும். விலகி நின்று படம் எடுத்து, பலகையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

படிக்கல் என்றேன். ஆனால் இந்தக் கல் நிற்கும் தரையே நகர்கிறது. இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள நிலையமும் கூடவே போகிறது. ஆகவே நிலையத்தின் இடத்தைச் சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானில் நகர்வு ஒரேயடியாகவும் வரும். 2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. வடகிழக்குக் கடலுக்கடியில் 9.0 அளவில் நிலநடுக்கம். மியாகி மாவட்டத்தின் ஒஷிகா தீபகற்பத்தில் இருந்த தூண் கிழக்கு-தென்கிழக்காக 5.3 மீட்டர் நகர்ந்து, 1.2 மீட்டர் கீழே இறங்கியது. தூண் சாய்ந்ததால் அல்ல, தீபகற்பமே நகர்ந்ததால். தோக்கியோவில் உள்ள நாட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை மூலப்புள்ளிகூட 27 சென்டிமீட்டர் கிழக்கே போயிருந்தது. அரசாணையில் எழுதியிருந்த எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தத் தீபகற்பத்தில் ஒரு மரத்தடியில் 2010இல் யாரோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்ததாக எண்ணிக்கொள்வோம். மரமும் பெட்டியும் சேர்ந்தே 5.3 மீட்டர் நகர்ந்திருக்கும். பழைய எண்களோடு பிறகு தேடி வருகிறவர், கருவி காட்டும் இடத்தில் நின்று, வழக்கம்போல ஐந்தாறு மீட்டர் அங்கும் இங்கும் துழாவி, மரத்தடியில் பெட்டியை எடுத்திருப்பார். கருவி எப்போதும்போலக் கொஞ்சம் தப்புகிறது என்றுதான் நினைத்திருப்பார்.