வூஃபர், சப்வூஃபர்: பெயரும் பொருளும்

வூஃபர் என்ற பெயர் நாயின் குரலில் இருந்து வந்தது. நாயின் கனத்த குரைப்பை ஆங்கிலத்தில் 'வூஃப்' என்பார்கள். தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் பெரிய ஸ்பீக்கருக்கு 1930-களில் வூஃபர் என்று பெயர் விழுந்தது. உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், பறவையின் கீச்சொலியால் ட்வீட்டர் ஆனது. நம் உறுமியும் இதே மாதிரி பிறந்த பெயர்தான்: உறுமுவதால் உறுமி. ஒரு தோற்கருவி ஏற்கெனவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. இல்லாவிட்டால் வூஃபருக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் கிடைத்திருக்காது.

'சப்' என்பது லத்தீன் முன்னொட்டு. 'கீழே' என்று பொருள். சப்-இன்ஸ்பெக்டர், சப்-கலெக்டர் பழக்கத்தில் இதைத் 'துணை' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். சப்வூஃபர் வூஃபருக்கு உதவியாளர் இல்லை. வூஃபர் இறங்க முடியாத ஆழத்துக்கு இறங்குவது அது. மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். அதில் அடிமட்டத்தில் உள்ள 20 முதல் 80, 100 ஹெர்ட்ஸ் வரையான பகுதிதான் வீட்டு சப்வூஃபரின் வேலை. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களில் 5.1 என்று போட்டிருப்பதில் வரும் அந்தப் 'புள்ளி ஒன்று' இந்தத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே ஒதுக்கிய தனித்தடம். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் வராது.

ஆக, பெயர் சொல்வது 'இன்னும் கீழே' என்பதை. 'இன்னும் சத்தமாக' என்பதை அல்ல. 60 ஹெர்ட்ஸோடு நின்றுபோய், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் தொம் தொம் என்று இடிக்கும் பெட்டியை சப்வூஃபர் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏன் சிலது இறங்குகிறது, சிலது இறங்குவதில்லை? வெறும் வூஃபரைப் பெட்டியில்லாமல் மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். காந்தம் பெரிதாக இருக்கும், முகப்பில் கூம்பு மாதிரி குவிந்த பேப்பர் முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி கேட்காது. பேப்பர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலிக்கு அலைநீளம் மிகப் பெரிது. 20 ஹெர்ட்ஸில் ஓர் அலை ஏறத்தாழ 17 மீட்டர். அதனால் பின்பக்கத்து அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடுகிறது. அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, வூஃபரை அதில் பொருத்திப் பாருங்கள். உடனே பேஸ் வந்துவிடும். பெட்டியின் முதல் வேலையே இந்த இரண்டு அலைகளையும் பிரித்து வைப்பதுதான்.

பெட்டியை முழுக்க மூடிவிடலாம். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சுர், ஹென்றி க்ளாஸ் இருவரும் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். பேப்பரின் விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார்கள். சின்னப் பெட்டியில் சுத்தமான பேஸ் கிடைத்தது. இன்னொரு வழி, பெட்டியில் குழாய்த்துளை வைப்பது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயில் உள்ள காற்றும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. அந்த இடத்தில் பேப்பர் அதிகம் ஆடாமலே குழாயில் இருந்து பேஸ் வரும். ஆனால் அதற்குக் கீழே போனால் ஒலி சட்டென்று சரிந்துவிடும். பேப்பரும் கட்டுப்பாடில்லாமல் உதறும். மூடிய பெட்டி மெதுவாகத்தான் சரியும். எந்த வூஃபருக்கு எந்த அளவுப் பெட்டி என்று முன்கூட்டியே கணக்குப் போடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரிவாக்கினார்.

கணக்கு எதுவானாலும் காற்றை நகர்த்தியே ஆக வேண்டும். அதே சத்தத்தில் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் பேப்பர் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 12 அங்குல வூஃபரின் பரப்பு 4 அங்குல வூஃபரைப் போல் சுமார் 9 மடங்கு. சின்னப் பேப்பர் எவ்வளவுதான் ஆடினாலும் இதை ஈடுகட்ட முடியாது. எடையும் சேர வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அதே காரணம்தான்: எடை கூடினால் அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். ஆனால் கனமான பேப்பரை ஆட்ட ஆம்பிளிஃபையருக்குத் தெம்பு வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

மீதியை அறை தீர்மானிக்கிறது. 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் நடுவே நின்று கொள்ளும். சுவரோரம் காது அடைக்கும், நடு அறையில் காணாமல் போகும். நல்ல பெட்டியை வாங்கிவிட்டு பேஸ் இல்லை என்கிறவர்கள் பலர் அந்த நடுவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் 'பேஸ்'. லத்தீனில் 'தாழ்ந்த' என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து இத்தாலிய 'பாஸோ' வழியாக வந்தது. நம் இசைமரபில் இதற்கு நேரான சொல் 'மெலிவு'. மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று நிலைகளையும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே பார்க்கலாம். ஆனால் இன்று 'மெலிந்த ஒலி' என்றால் பேஸே இல்லாத ஒலி என்றுதான் புரியும். 'தாழொலி' என்றால் மெதுவாகப் பேசுவதாகப் படும். 'மந்தம்' என்றால் மங்கிய ஒலி. அடிக்குரல், அடித்தொண்டை என்ற சொற்கள் பேச்சில் உயிரோடு இருப்பதால், பேஸுக்கு 'அடியொலி' என்பதையே நான் எடுப்பேன்.

அப்படியானால் வூஃபர் 'அடியொலிப்பி'. அதற்கும் கீழே இறங்கும் சப்வூஃபர் 'ஆழொலிப்பி'. பேப்பரைக் 'கூம்பு' என்று எழுதுவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு; கூம்பு ஒலிபெருக்கி என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் திருவிழாவில் கட்டும் ஹாரன்தான் நினைவுக்கு வரும். கடையில் வூஃபர் என்றே கேளுங்கள். எழுதும்போது 'இந்த ஆழொலிப்பி 25 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது' என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது.